தெரு, மரம், பாதாளச் சாக்கடை: யாரிடம் சொன்னால் வேலை நடக்கும்?

குறுக்குத்தெரு_வாசி (கேள்வி):

வணக்கம். சென்னையில் ஒரு சின்னக் குறுக்குத் தெரு எங்களுடையது. பிரச்சினை மூன்று, மூன்றும் ஒரே இடத்தில். தெரு நடுவில் இருக்கும் மேன்ஹோல் அடிக்கடி பொங்கி வழிகிறது, அதுவும் காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் அதிகம். அதை ஒட்டி ரோடு உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது, ஜல்லியும் தாரும் போட்டு அடைத்துவிட்டுப் போகிறார்கள், கொஞ்ச நாளில் மறுபடி இறங்கிவிடுகிறது. எதிரே ஒரு பெரிய பெருங்கொன்றை மரம், அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசியிருக்கிறார்கள், இப்போது வீடுகள் பக்கமாகச் சாய்ந்து நிற்பது போலத் தெரிகிறது, கிளை மின்கம்பியை உரசுகிறது.

போன் செய்தால் புகார் எண் வருகிறது, அப்புறம் 'முடிக்கப்பட்டது' என்று மெசேஜும் வந்துவிடுகிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. நேரில் கேட்டால் இது எங்கள் வேலை இல்லை, அங்கே போங்கள் என்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_பொறியாளர்:

உள்ளாட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் படுவது, மூன்றையும் ஒரே புகாராகக் கொடுத்திருப்பீர்கள் என்றுதான். அப்படிக் கொடுத்தால் ஆளாளுக்குத் தன் பங்கை மட்டும் பார்த்துவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள்.

சென்னையில் தெரு, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், தெருவோர மரம் எல்லாம் மாநகராட்சி, எண் 1913. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியம், அதாவது நம் எல்லோருக்கும் தெரிந்த மெட்ரோ வாட்டர், 044 4567 4567 அல்லது 1916. கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர் மின்வாரியம், அவர்கள் புகார் மையமான மின்னகம் 94987 94987. வழிகிற தண்ணீர் சாக்கடைக் குழாயிலிருந்து வந்தால் ஓர் அலுவலகம், மழைநீர் வடிகாலிலிருந்து வந்தால் வேறு அலுவலகம். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், அங்கேதான் பாதிப் புகார்கள் திசை மாறிப் போகின்றன.

இப்போது உங்கள் பள்ளத்துக்கு வருகிறேன். மேன்ஹோலுக்குப் பக்கத்தில் அடைக்க அடைக்க இறங்குகிற பள்ளம் பெரும்பாலும் ரோட்டுப் பிரச்சினையே இல்லை. கீழே குழாய் இணைப்போ மேன்ஹோல் சுவரோ விரிசல் விட்டிருக்கும். அந்த வழியாகச் சுற்றியிருக்கும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் போய்விடும், மேலே தார் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் உட்கார்ந்துவிடும். போன மணல்தான் கொஞ்ச தூரம் தள்ளி அடைப்பாக நிற்கும். ஆகவே பள்ளமும் பொங்குவதும் ஒரே நோயாக இருக்கலாம். இதை ரோடு புகாராகக் கொடுத்தால் பேட்ச் ஒர்க் செய்துவிட்டுப் போவார்கள், அவர்கள் கணக்கில் வேலை முடிந்தது. 'கழிவுநீர்க் குழாய் உடைந்து சாலை உள்வாங்குகிறது' என்று மெட்ரோ வாட்டருக்கு எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். வழிகிற மேன்ஹோலுக்கு அடுத்தடுத்த மேன்ஹோல்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று, மெட்ரோ வாட்டரின் உள்ளூர் அலுவலகமான டெப்போவிலிருந்து ஆள் வரும்போது அவரைத் திறக்கச் சொல்லி, கூட நின்று பாருங்கள் (நீங்களாக மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே விஷவாயு இருக்கும்). ஒன்று நிரம்பி, ஓட்டத்தில் அடுத்தது காய்ந்து கிடந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்தால் சரியாகிவிடும். தெருமுனை வரை எல்லாமே நிரம்பி நின்றால் உங்கள் தெருவில் எத்தனை தடவை அடைப்பு எடுத்தாலும் பயன் இல்லை, மெயின் லைனிலோ பம்பிங் ஸ்டேஷனிலோ கோளாறு. மழை பெய்தால் மட்டும் பொங்குகிறது என்றால் யாரோ மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடை இணைப்பில் விட்டிருக்கிறார்கள். இதில் எது என்று புகாரில் ஒரு வரி இருந்தாலே டெப்போ பொறியாளர் உங்களிடம் பேசுகிற விதம் மாறிவிடும்.

இன்னொன்று, மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை குறைகேட்புக் கூட்டம் நடக்கும். பெரிய அதிகாரிகள் இருப்பார்கள், கூட்டமும் பெரிதாக இருக்காது. பழைய புகார் எண்கள், தேதி தெரிகிற போட்டோக்கள், நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் போதும்.

கலா_சங்கச்செயலாளர்:

சார் சொன்னது அத்தனையும் சரி. மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் அதிகம் மல்லுக்கட்டியது அதற்காகத்தான்.

முதலில், வெட்டச் சொல்லி எழுதாதீர்கள். பொது இடத்தில் நிற்கிற மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அது சரியான ஏற்பாடுதான், இல்லாவிட்டால் சருகு விழுகிறது, கார் நிறுத்த இடமில்லை என்றெல்லாம் சொல்லி ஊரில் ஒரு மரம் மிஞ்சாது. மாநகராட்சிப் பூங்காத் துறை நேரில் பார்த்து ஆய்வு செய்யட்டும் என்று கேளுங்கள். அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமென்டை உடைத்து மண் தெரிய விடவும், கிளைகளை இரண்டு பக்கமும் சமமாகக் கழிக்கவும் தனியாகக் கேளுங்கள். கம்பி உரசுகிறது என்று கம்பிப் பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டே போனால் எடை முழுக்க மறுபக்கம் ஏறி மரம் அந்தப் பக்கம் சாயும். உங்கள் மரமும் அப்படித்தானா என்று பாருங்கள். வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துவிட்டார்களா என்பதையும் பாருங்கள், அது அதைவிட ஆபத்து.

பெருங்கொன்றையும் குல்மோகரும் பலத்த காற்றைத் தாங்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இவை வரிசையாகச் சாய்ந்ததைச் சென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்தோம். ஆகவே உங்கள் பயம் நியாயமானது. ஆய்வில் வெட்டத்தான் வேண்டும் என்று வந்தால் சரி, அதே மனுவில் அந்த இடத்தில் புங்கையோ வேம்போ நட்டுத் தரக் கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்கலாம் என்று விட்டால் அந்தக் குழியையும் சிமென்ட் போட்டு மூடிவிடுவார்கள்.

'முடிக்கப்பட்டது' மெசேஜுக்கு ஒரு மருந்து உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: இன்ன எண் புகார் எந்த அடிப்படையில் முடிக்கப்பட்டது, நேரில் பார்த்தவர் பதவி என்ன, அவர் எழுதிய அறிக்கையின் நகல், அந்த இடத்தில் கடைசியாக நடந்த ரோடு வேலையின் எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்கள், ஒப்பந்ததாரர் பொறுப்பில் இருக்கும் காலம் எதுவரை. கடைசிக் கேள்வி முக்கியம். பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால் ரோடு கெட்டதை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், நிதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததுமே சில இடங்களில் ஆள் வந்து நிற்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

குறுக்குத்தெரு_வாசி:

ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. பள்ளமும் சாக்கடையும் ஒன்று என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். தெருவில் சிலர், அலுவலகத்துக்கு அலைவதை விட ஆளுக்கு நூறு இருநூறு போட்டு ஒருவரை உள்ளே இறக்கி அடைப்பு எடுத்துவிடலாம் என்கிறார்கள். இரண்டாவது, சாக்கடையைச் சரிசெய்த பிறகு ரோடு மறுபடி போடுவார்கள் அல்லவா, ஏற்கெனவே எங்கள் வீட்டு வாசல் ரோட்டை விடத் தாழ்ந்துவிட்டது, இன்னும் உயர்த்திவிடுவார்களோ?

ஓய்வு_பொறியாளர்:

முதல் யோசனையை இன்றே நிறுத்துங்கள். மனிதரை மேன்ஹோலுக்குள் இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரர் மீதும் வழக்கு வரும். சட்டத்தை விடுங்கள், மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் கழித்து இறங்கினாலும் உள்ளே வாயு இருக்கிறதா என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது, ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போய்விடுகிறார். சென்னையில் இப்படி எத்தனை பேர் போயிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சாவுகளுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது, அந்தப் பணத்தால் எந்தக் குடும்பத்துக்கு என்ன திரும்பி வரும்? தெருக்காரர்களிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். இயந்திரம் வரும் வரை புகார் கொடுத்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான் வழி.

ரோடு உயரம்: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் எழுதினார். மில்லிங் என்பார்கள். வேலை தொடங்குகிற அன்று மில்லிங் இயந்திரம் வராமல் தார் லாரி மட்டும் வந்தால் அந்த இடத்திலேயே வார்டு உதவிப் பொறியாளருக்கு (ஏ.இ.) போன் செய்யுங்கள். தார் ஆறிய பிறகு பேசிப் பயன் இல்லை. மேன்ஹோல் மூடியைத் தாருக்கு அடியில் புதைத்துவிடுகிறார்களா என்றும் பாருங்கள், அடுத்த அடைப்பின்போது மூடி எங்கே என்று தேடி ரோட்டை உடைக்க வேண்டியிருக்கும்.

மதுரை_மாசிவீதி:

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. இங்கே மதுரையில் மெட்ரோ வாட்டர் என்று தனி வாரியம் கிடையாது, பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியேதான். அதனால் புகார் ஓர் இடம், ஆனால் பிரிவு வேறு, அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2022 விதிகளின்படி நகர்ப்புறங்களில் கிராம சபை மாதிரி பகுதி சபா உண்டு, கவுன்சிலர் தலைமையில் கூடும். வார்டு வாக்காளர் யாரும் பேசலாம். நாங்கள் பேசுவதோடு விடுவதில்லை, சொன்னது கூட்டக் குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வருவோம். பெரிய வேலைக்கு, அதாவது பழைய குழாயையே மாற்றுகிற மாதிரி வேலைக்கு, 1913 போன்ற எண்கள் போதாது, அது பட்ஜெட்டில் வர வேண்டும், அதற்கு இந்தப் பதிவு உதவும்.

எதுவும் நடக்காவிட்டால் கடைசியாக ஒரு வழி. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஓர் ஊர், அங்கே ஒரு தெருக்காரர்கள் திறந்த சாக்கடை நாற்றம் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி பணம் இல்லை என்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார்: நிதி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி நகராட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து தப்ப முடியாது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது அதே அதிகாரம் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152ஆம் பிரிவில் இருக்கிறது, வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்கலாம். புகார் எண்கள், போட்டோக்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) வந்த பதில் எல்லாம் கையில் இருந்தால்தான் அந்த மனு நிற்கும், ஆகவே ஒரு தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.

குறுக்குத்தெரு_வாசி:

சரி. மூன்று புகாரையும் தனித்தனியாக இன்று இரவே எழுதிவிடுகிறேன், இரண்டாவது சனிக்கிழமை கூட்டத்துக்கு எதிர்வீட்டு அம்மாவும் வருகிறேன் என்கிறார். மேன்ஹோலில் ஆளை இறக்கும் பேச்சை தெரு வாட்ஸ்ஆப் குழுவில் இப்போதே நிறுத்தச் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.