சீனாவில் குடும்பத்தோடு இருந்தவங்க வாங்க: இன்னும் உறுத்துற ஒரு வார இறுதி

சூச்சோ அம்மா:
நாலு வருஷம் சூச்சோவில் இருந்தோம். ஷாங்காய்க்கு ரயிலில் அரை மணி நேரம்தான், அதனால் சனிக்கிழமை விடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். தோட்டம், கால்வாய், கோபுரம் எல்லாம் எல்லாரும் போட்டோ போட்டாச்சு. நான் சொல்ல வந்தது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஜின்ஜி ஏரிக்கரை.

மார்ச் மாசம். வெயில் அடிக்குதேன்னு எட்டு மாசப் பையனுக்கு சாக்ஸ் போடாமல் தள்ளுவண்டியில் கூட்டிப் போனேன். சீனப் பாட்டிமார் பற்றி உங்களுக்கே தெரியும். குழந்தையின் பாதம் தெரிந்தால் போதும், "லெங்! லெங்!" என்று திட்ட வந்துவிடுவார்கள். குளிருதாம். அன்றைக்கு வந்தவர் மூன்றாவது பாட்டி. எனக்கோ முந்தின ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பையனின் காலை அவர் பிடித்ததும் "பூ யாவ்!", அதாவது வேண்டாம் என்று கத்தி, கையைத் தட்டிவிட்டுவிட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தன் கம்பளிக் கையுறையைக் கழற்றினார். குனிந்து, வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று மாட்டி, கணுக்கால் வரை இழுத்துவிட்டார். போய்விட்டார். எனக்குப் புரிந்து நிமிர்வதற்குள் ஸ்பீக்கர் வைத்து ஆடிக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்துக்குள் கலந்துவிட்டார். நன்றி என்று ஒரு "ஷியே ஷியே" கூடச் சொல்லவில்லை நான். அடுத்த மூணு சனிக்கிழமையும் அதே இடத்தில் போய் நின்றேன். வரவில்லை.

பண்ட் பக்கம்:
உங்களுக்குக் கையுறையாவது மிஞ்சியது. எனக்கு ஒரு முழங்கைதான்.

2018, அக்டோபர் 1, சீனாவின் தேசிய தினம். அந்த லீவில் ஷாங்காயில் இருப்பவர்கள் நாஞ்சிங் ரோடு பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று தெரியும். தெரிந்தும் போனோம், ஊரிலிருந்து அண்ணி வந்திருந்தார். ஆற்றங்கரை நடைபாதையான பண்ட் போகிற வழியில் சிக்னல் மாறும்போதெல்லாம் போலீஸ் வரிசையாக நின்று மனிதச் சுவர் போடுவார்களே, அதுதான். சின்னவனுக்கு ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தால் சுவர் மூடிவிட்டது. வீட்டுக்காரர், அண்ணி, பெரியவள் அந்தப் பக்கம். என் போன் செத்துப்போச்சு. கடை வாசலில் வாடகைப் பவர் பேங்க் பெட்டி இருக்கு, ஆனால் அதை எடுக்கவே போனில் ஸ்கேன் செய்யணும்! செத்த போனுக்கு உயிர் கொடுக்க உயிருள்ள இன்னொரு போன் வேணும் என்றால் என்ன செய்ய?

முன்னால் நின்ற போலீஸ் பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது, நேரே பார்த்தபடி நிற்கிறான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் "என் பொண்ணு, என் பொண்ணு" என்றேன். முகம் அசையவில்லை. ஆனால் அவன் முழங்கை மட்டும் ஒரு சாண் உயர்ந்தது. குழந்தை ஒருத்தன் நுழைகிற அளவு இடைவெளி. போகச் சொன்னானா, கை வலித்து அசைத்தானா? சின்னவனை மட்டும் எப்படித் தனியாக அனுப்ப என்று யோசிப்பதற்குள் முழங்கை இறங்கிவிட்டது. ரெண்டு நிமிஷத்தில் சிக்னல் மாறி எல்லாரும் சேர்ந்துவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பச்சைச் சட்டை முழங்கை இன்னும் கனவில் வருது.

சுத்த சைவம்:
ஹாங்சோவில் ஒரு கோயில் பக்கத்துச் சைவ உணவகத்துக்கு மாமியாரைக் கூட்டிப் போனேன். மேசைக்கு முழு மீன் வந்தது, செதில், கண்ணோடு. சோயாவில் செய்ததுதான் என்று நான் சத்தியம் செய்தும் அத்தை அழுதுவிட்டார். ராத்திரிவரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவ்வளவுதான் என் கதை.

புதுசா போறவங்க குறித்துக்கொள்ளுங்க. "வோ ச்சி சூ", அதாவது நான் சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது. கீரையை வதக்குவதே பன்றிக் கொழுப்பில் இருக்கலாம். அதற்கு "ஜூ யோ" என்று பேர், வேண்டாம் என்று தனியாகச் சொல்லணும். "ஜி ஜிங்" என்கிற கோழிப் பொடியும் அப்படியே, உப்பு போடுகிற மாதிரி போடுவார்கள். லான்சோ நூடுல்ஸ் கடைகள் ஹலால் கடைகள், பன்றி இருக்காது. ஆனால் சூப் மாட்டெலும்பு. முட்டை சாப்பிடுகிறவர்கள் தக்காளி முட்டை கேட்டால் தப்பித்தீர்கள். ரயிலுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ளுங்க. வெந்நீர்க் குழாய் எல்லாப் பெட்டியிலும் இருக்கும், கப் நூடுல்ஸும் ஓடும். பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு ஸ்டேஷன் போகாதீங்க, டிக்கெட்டே அதில்தான். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்யணும், ஹோட்டல் என்றால் அவர்களே செய்வார்கள்.

சியாமென் வாசி:
நாங்கள் இருந்தது சியாமென். அங்கேயிருந்து குவான்சோ நகரம் பக்கம்தான். கையுவான் கோயிலில் நம்ம சிலைகள் இருக்கு என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சோழர்கள் அங்கே கட்டின கோயில். எல்லாரும் முன்பக்கம் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய மண்டபத்தின் பின்னால் போகணும். ரெண்டு கல்தூண். நான் நரசிம்மரைத் தேடி மேலே அண்ணாந்துகொண்டிருந்தேன். ஆறு வயசு மகள், ஐஸ்கிரீம் வேணும் என்று அதுவரை அழுதவள், சட்டென்று நிறுத்தி, "அப்பா, உரல் கிருஷ்ணன்" என்றாள். ரெண்டு மரத்துக்கு நடுவில் உரலை இழுத்துக்கொண்டு போகிறான். உள்ளங்கையளவுதான் இருக்கும்.

பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, அது யார் என்று கையால் கேட்டார். எனக்கு "வெண்ணெய் திருடின குழந்தை" என்று சீனத்தில் சொல்ல வரவில்லை. "சின்னப் பையன், குறும்பு" என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி பெருக்கினார். அத்தனை வருஷமாக அவர் பெருக்கும் இடத்தில் நிற்கிற பையனைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடிந்தது எனக்கு.

கல்வெட்டுக் கிறுக்கன்:
சியாமென் வாசி அவர்களே, சோழர் கட்டினது என்று எழுதாதீங்க, இப்படித்தான் வாட்ஸ்அப்பில் ஆயிரம் வருஷம் ஓடும். கையுவான் புத்தர் கோயில், சீனத் தாங் அரசர்கள் காலத்தது. தூண்கள் அழிந்துபோன ஒரு இந்துக் கோயிலிலிருந்து பிறகு கொண்டுவந்து வைத்தவை. குவான்சோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக வருஷம் 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை. சோழ அரசு 1279லேயே முடிந்தது. அங்கே கோயில் வைத்தவர் சம்பந்தப் பெருமாள் என்பவர், அதுவும் மங்கோலியக் கானின் நலத்துக்காக. குப்லாய் கான் ஆட்சி அப்போது. வியாபாரம் செய்யப் போனவர்கள் கட்டினது ராஜா கட்டினதைவிடப் பெரிய விஷயம் இல்லையா?

என் அனுபவம்: போன வாரம்தான் போனேன், அந்தத் தூண் பக்கம் போவதற்குள் கோயிலை மூடிவிட்டார்கள்.

சியாமென் வாசி:
சரி சார், சோழரை எடுத்துவிடுகிறேன். மூடும் நேரம் தெரியாமல் போன நீங்கள் எனக்கு வருஷம் சொல்றீங்க.

சூச்சோ அம்மா:
சண்டை வேண்டாம். சுத்த சைவம், நான் சாப்பாடே கேட்கலை, ஆனால் அந்த மீன் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தேன்.

கையுறை இன்னும் இருக்கு. கருஞ்சிவப்பு. வலது கை கட்டைவிரலில் வேற நிற நூலால் தைத்திருக்கு. பையனுக்கு இப்போ ஒன்பது வயசு. அலமாரியில் பார்த்துவிட்டு "இது யாரோட கைம்மா?" என்கிறான்.