பழைய சிட்டி ஆட்டோமேட்டிக்: இசட்1 ஆயில் கிடைக்கவில்லை, டெக்ஸ்ரான்-3 ஊற்றலாமா?

குடந்தைக்காரன்:
வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு கிளச் மிதிக்க முடியவில்லை, அதனால் சென்னையில் தேடி 2010 ஹோண்டா சிட்டி பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கினோம். 90,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. இன்ஜின் ஆயில் மாற்றியதற்கெல்லாம் பில் இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வெயிலில் நின்றுவிட்டு, கேட் திறந்ததும் நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளினால் ஒரு குலுக்கல் வருகிறது, இரண்டிலிருந்து மூன்றாவது கியர் மாறும்போதும் லேசாகத் தெரிகிறது.

வண்டியோடு வந்த கையேட்டில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) இசட்1 என்று போட்டிருக்கிறது. பார்ட்ஸ் கடையில் கேட்டால் அது இப்போது வருவதில்லை, டிடபிள்யூ-1 தான், அதையும் திருச்சியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே ஒரு மெக்கானிக்கோ, "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே சிவப்பு ஆயில்தான், டெக்ஸ்ரான்-3 என்னிடமே இருக்கிறது, இன்றைக்கே ஊற்றிவிடலாம்" என்கிறார். இன்னொருவர் மெஷின் வைத்துப் பழைய ஆயிலை முழுவதும் தள்ளி ஃப்ளஷ் பண்ணச் சொல்கிறார். எதைச் செய்வது? அப்பா தினமும் ஓட்டுகிற வண்டி, நடுவழியில் நிற்கக் கூடாது.

மன்னை பட்டறை:
தம்பி, டிடபிள்யூ-1 வாங்கு. திருச்சியிலிருந்து வர இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. இசட்1-க்குப் பதிலாக ஹோண்டாவே கொண்டுவந்ததுதான் அது, பழைய இசட்1 வண்டிகளுக்கும் அதையே ஊற்றச் சொல்கிறார்கள். உள்ளே மிச்சம் இருக்கும் பழையதோடு கலந்தாலும் ஒன்றும் ஆகாது.

டெக்ஸ்ரான்-3 பற்றி. ஹோண்டாவின் பழைய கையேடுகள் சிலவற்றிலேயே, தங்கள் ஆயில் கிடைக்காவிட்டால் தற்காலிகமாக டெக்ஸ்ரான்-3 ஊற்றலாம், தொடர்ந்து ஓட்டினால் கியர் மாறும் விதம் கெடும் என்று எழுதியிருக்கிறது. உன் மெக்கானிக் பக்கம் அந்த அளவுக்குத்தான் நியாயம். ராத்திரி நேரத்தில் ஆயில் ஒழுகி வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது உதவும். நிதானமாக மாற்ற நேரம் இருக்கும்போது எதற்கு அது? இன்னொரு விஷயம், டெக்ஸ்ரான் ஜெனரல் மோட்டார்ஸின் பெயர், டெக்ஸ்ரான்-3-க்கு உரிமம் கொடுப்பதை அவர்களே 2006-ஓடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு தயாரான டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் அதைச் சோதித்து யாரும் முத்திரை கொடுக்கவில்லை என்று அர்த்தம், தயாரித்தவன் சொல்வதை நம்பித்தான் வாங்க வேண்டும்.

சிவப்பு நிறம் வெறும் சாயம். வண்டிக்கு அடியில் ஒழுகினால் இன்ஜின் ஆயிலா கியர்பாக்ஸ் ஆயிலா என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கலப்பது. டொயோட்டாவின் டபிள்யூஎஸ்ஸும் சிவப்பு, டிடபிள்யூ-1-ம் சிவப்பு, டெக்ஸ்ரானும் சிவப்பு. பவர் ஸ்டீயரிங் ஆயிலிலும் சிவப்பு உண்டு. உள்ளே கலந்திருக்கும் மருந்துகள் (சேர்மானங்கள்) தான் வேறு. ஆட்டோமேட்டிக்கில் கிளச் தட்டுகள் அந்த ஆயிலில் ஊறியபடியே பிடிக்கவும் விடவும் வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும், எந்த நொடியில் கவ்வ வேண்டும் என்பதை ஆயில்தான் தீர்மானிக்கிறது. மற்ற கம்பெனிக்காரர்கள் மாதிரி ஹோண்டா அந்தக் காலத்தில் பிளானட்டரி கியர் (நடுச் சக்கரத்தைச் சுற்றி மற்ற பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) வைக்கவில்லை, மேனுவல் கியர்பாக்ஸ் போல இணையான தண்டுகள், ஒவ்வொரு கியருக்கும் ஒரு கிளச். ஒரு கிளச் விடுகிற நேரத்தில் அடுத்தது பிடிக்க வேண்டும். அதனால் ஆயில் மாறினால் முதலில் குலுக்கலாகத்தான் தெரியும்.

தஞ்சை ரவுண்டானா:
அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் டெக்ஸ்ரான்-3 வேறு, பல வண்டிகளுக்கும் பொதுவாக விற்கும் மல்ட்டி வெஹிக்கிள் ஏடிஎஃப் வேறு. நல்ல பெயருள்ள கம்பெனிகளின் மல்ட்டி வெஹிக்கிள் டப்பாவின் பின்பக்கத்தில் இசட்1, டிடபிள்யூ-1, எஸ்பி-3 என்று எழுதியே விற்கிறார்கள். நான் என் வண்டிக்கு அதைத்தான் ஊற்றுகிறேன், குறை இல்லை.

மன்னை பட்டறை:
ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. பின்பக்கத்தில் "பொருந்தும்" என்று எழுதுவது ஆயில் கம்பெனி, வண்டிக் கம்பெனி ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. வாரன்டி முடிந்த வண்டி, சொந்தப் பொறுப்பு என்றால் உங்கள் விருப்பம். ஆனால் இந்தத் தம்பியின் வண்டியில் ஏற்கனவே குலுக்கல் இருக்கிறது. புது வகை ஆயிலை ஊற்றி, அதன் பிறகும் குலுக்கல் நின்றதாக இல்லை என்றால் கோளாறு ஆயிலிலா, கிளச்சிலா, ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்விலா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் சரியான ஆயிலை ஊற்று, பிறகு மிச்சத்தை யோசி.

மெஷின் ஃப்ளஷ் வேண்டாம். வடி பிளக்கைக் கழற்றி விட்டால் இந்த வண்டியில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான் இறங்கும், மிச்சம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரிலும் உள் குழாய்களிலும் நின்றுவிடும். அதைப் பற்றிக் கவலைப்படாதே. வடித்து ஊற்று, சில நூறு கிலோமீட்டர் எல்லா கியரும் விழும்படி ஓட்டு, மறுபடி வடித்து ஊற்று. ஒவ்வொரு முறையும் பாதிக்குச் சற்றுக் குறைவாக மாறினால்கூட மூன்று முறையில் ஐந்தில் நாலு பங்கு புதுசாகிவிடும். அதுவும் பதமாக நடக்கும், உள்ளே படிந்த அழுக்கு ஒரேயடியாகக் கிளம்பி வால்வில் போய் அடைக்காது.

முதல் தடவை வடிக்கும்போது பிளக்கில் உள்ள காந்தத்தைப் பார். சாம்பல் நிறத்தில் குழம்பாக ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். கையில் குத்துகிற துணுக்குகள் வந்தாலோ ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தாலோ, ஆயில் மாற்றினாலும் சரியாகாது, கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றம் வேண்டாம்.

மாயவரம் காவிரிக்கரை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2015 சிட்டி ஆட்டோமேட்டிக். ஒரே பெயர் வண்டிதானே, நானும் டிடபிள்யூ-1 சேர்த்து வரவழைக்கலாமா?

மன்னை பட்டறை:
வேண்டவே வேண்டாம் சார், நல்லவேளை கேட்டீர்கள். 2014-இல் வந்த சிட்டி சிவிடி, உள்ளே கியரே மாறுவதில்லை, இரண்டு புல்லிக்கு நடுவே ஸ்டீல் பெல்ட். அந்த பெல்ட் புல்லியில் வழுக்காமல் கவ்வ வேண்டும், அதற்கென்றே எச்சிஎஃப்-2 என்று தனி ஆயில். சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கி புல்லியில் கோடு விழும், அதற்குப் பிறகு செலவு கியர்பாக்ஸ் விலைக்குப் போய் நிற்கும். வண்டி பெயரை வைத்து ஆயில் வாங்கக் கூடாது, எந்த வகை கியர்பாக்ஸ் என்று முதலில் பாருங்கள். நிஸான் சிவிடிக்கு என்எஸ்-3, இன்னோவா கிரிஸ்டாவுக்கு டபிள்யூஎஸ், கிரெட்டாவின் 6 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டருக்கு எஸ்பி-4. மாருதியில் ஏஜிஎஸ் என்று வருவது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. அதில் ஊற்றுவது கியர் ஆயில், ஆக்சுவேட்டருக்குத் தனி ஹைட்ராலிக் ஆயில். அதிலும் "ஆட்டோமேட்டிக்தானே" என்று ஏடிஎஃப் ஊற்றி வருகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

திருவாரூர் தேரடி:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. சென்னை வண்டி என்கிறீர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்கு மூச்சு விட ஒரு சிறு குழாய் உண்டு, அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்ளே போய்விடும். நம் பக்கமும் கஜா புயல் சமயத்திலும் அதற்குப் பிறகு பெய்த மழைகளிலும் வண்டிகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்திருக்கிறோம். ஆயில் தெளிந்த சிவப்பாக இல்லாமல் ரோஸ் மில்க் மாதிரி கலங்கி வந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. கிளச் தட்டில் ஒட்டியிருக்கும் லைனிங் தண்ணீர் பட்டால் உரிந்து வரும். அப்படி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, அறுவடைக் காலத்தில் மிஷின்காரர்கள் வைத்திருக்கும் ஹைட்ராலிக் 68 கேனைக் காட்டி "இதுவும் ஹைட்ராலிக்தானே" என்று சொல்கிறவர்கள் இங்கே உண்டு. அதில் கிளச்சுக்கான மருந்து எதுவும் கிடையாது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குடந்தைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். பழுப்பேறிய சிவப்பு, கலங்கல் இல்லை, கருகல் வாடையும் இல்லை. டிடபிள்யூ-1 எட்டு லிட்டர் சொல்லிவிட்டேன், மூன்று முறைக்குச் சரியாக இருக்கும். அளவு பார்ப்பது இன்ஜின் ஓடும்போதா, நிறுத்திய பிறகா? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

மன்னை பட்டறை:
பல வண்டிகளுக்கு இன்ஜினை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அதனால்தான் அந்தக் குழப்பம். ஹோண்டாவுக்கு வேறு முறை. சமதரையில் நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை சூடாக்கி, இன்ஜினை அணைத்து, 60-லிருந்து 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் சரி. கூட ஊற்றினாலும் நுரைத்துக் கெடுக்கும், எவ்வளவு வடிந்தது என்று அளந்து அதே அளவு ஊற்று. திருச்சிக்காரரிடம் வடி பிளக் வாஷர் மூன்றும் சேர்த்துச் சொல்லிவிடு. அலுமினியம் வாஷர், ஒரு தடவை நசுங்கியதை மறுபடி போட்டால் கசியும்.