டில்ட் பின்னை மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வாடைக்காரன், நாகை:
20 அடி பைபர் படகு, 9.9 குதிரைவலு எஞ்சின். போன தை மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. மீன் ஏலத்துக்கு முந்தலாம் என்று, எஞ்சினின் சாய்வை நிறுத்தி வைக்கும் அந்தப் பின்னை இரண்டாவது ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக நாலாவதுக்குத் தள்ளியிருந்தேன். போகும்போது வெறும் படகு, அணியம் (முன்பக்கம்) எழும்பிச் சும்மா பறந்தது. ஜிபிஎஸ்ஸில் வேகம் ஒரு நாட் கூடுதல். திரும்பும்போது முகத்துவாரத்தில் வளைத்தேன், பின்னாலிருந்து அலை தூக்கியது. எஞ்சின் அலறியது பாருங்கள்! எஞ்சினைக் குளிர்வித்துப் பக்கத்தில் பீச்சும் தண்ணீர் நூலாக மெலிந்து, நின்றே போனது. மாமா எட்டி வந்து எஞ்சினை அணைத்தார். துடுப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கச்சான், மன்னார்:
9.9 இல் பறந்ததா? அந்தக் குதிரைவலுவுக்குப் படகு தண்ணீரைக் கிழித்துத்தான் போகும், மேலே ஏறி ஓடாது. பாரமில்லாததால் எழும்பியிருக்கும், அதில் டில்ட் பின் என்ன செய்யும்? எங்களுடையது 18 அடி வள்ளம், 25 எஞ்சின். நான் செய்த பிழை நேர்மாறு. பின்னை உள் ஓட்டையில் போட்டு முழு வேகத்தில் விட்டேன். அணியம் அலைக்குள் குத்தி, முன்னால் இருந்த தம்பியின் மடியில், சோற்றுப் பார்சலுக்கு மேலே கடல் வந்து விழுந்தது. அவன் இன்றைக்கும் என் வள்ளத்தில் முன்னுக்கு இருப்பதில்லை.

பழைய மெக்கானிக்:
வேகம் இல்லை என்று புது புரொப்பல்லர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) வாங்கப் பணத்தோடு ஒருவர் வந்தார். பின்னை ஒரு ஓட்டை மாற்றிக் கொடுத்தேன். பணத்தை மடித்துக்கொண்டு போனவர் டீகூட வாங்கித் தரவில்லை.

கச்சான் சொன்னது பாதிதான் சரி. கிழித்துப் போகும் படகுக்கும் டில்ட் பின் முக்கியம். புரொப்பல்லர் தண்டு நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். வெளியே சாய்ந்தால் எஞ்சினின் பலம் படகின் பின்பக்கத்தை அமுக்குவதிலேயே போய்விடும், பெட்ரோலும் அதோடு போகும். எப்போதும் ஏற்றும் வலை, ஐஸ் பெட்டியோடு ஓட்டிப் பாருங்கள், வெறும் படகில் அல்ல. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு தடவைக்கு ஒரே ஓட்டை. நீரோட்டம் ஏமாற்றும், அதனால் போகும் பக்கமும் வரும் பக்கமும் ஜிபிஎஸ் பாருங்கள். அணியம் குதிரை மாதிரி தலையாட்டினால் ஒரு ஓட்டை உள்ளே. எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. முதலில் வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடியோடு மட்டமாக இருக்கிறதா? அதைப் பார்க்காமல் பின்னைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

வாடைக்காரன், நாகை:
அண்ணே, நான் அனுபவத்தைத்தான் கேட்டேன், யோசனையை அல்ல, சரி. பின் மறுபடி இரண்டாவது ஓட்டையில்தான். மாமா அதன்மேல் கம்பி சுற்றி முறுக்கி வைத்திருக்கிறார்.