பீட்டர் ஹுக்கின் பேஸ் ஒலியை எப்படிக் கொண்டுவருவது? (ஜாய் டிவிஷன்)

மழைக்கம்பி:
ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பப் பாட்டுகளை பேஸ் கிட்டாரில் வாசித்துப் பழகுகிறேன். நோட் எல்லாம் சரியாகத்தான் விழுது, ஒலிதான் வரமாட்டேங்குது. அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ஹுக் வாசித்தால் பேஸ் பாடுது. இங்கே கொழகொழன்னு இருக்கு. கோரஸ் பெடலை (ஒலியோடு அதன் நகலைக் கலக்கும் கருவி) கூட்டினால் சுருதி விலகின மாதிரி கேட்குது. கிட்டார் சேர்ந்துட்டா பேஸ் இருக்கிற இடமே தெரியல. நாலு தந்தி பேஸ், 15 வாட் ஆம்ப், விரலால்தான் வாசிப்பு. எதை மாற்றணும்?

கீழ்ஸ்தாயி:
முதலில் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) எடுங்க. ஹுக் பிக்கால் வாசிப்பவர். நோட்டின் தொடக்கத்தில் விழும் அந்த 'டக்' விரலில் வராது. 0.8 முதல் 1 மி.மீ. வரை நல்லது. அதைவிட மெல்லிசா இருந்தா வளைந்துகொடுத்து அடியை மழுக்கிடும். பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்தி முடியும் இடம்) பக்கம் தள்ளி அடிங்க. ரவுண்ட்வௌண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தி, அதுவும் புதுசா இருக்கணும். பழைய தந்தியில் மேல் அதிர்வெண்கள் செத்திருக்கும், ட்ரெபிளை எவ்வளவு திருகினாலும் இல்லாதது வராது.

அடுத்து, எங்கே வாசிக்கிறீங்க? ஆரம்ப நாட்களில் ஹுக்கின் ஆம்ப் மட்டமானது. பெர்னார்ட் சம்னரின் கிட்டார் சத்தத்தில், கீழே வாசிப்பது அவருக்கே கேட்காது. மேல் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் உடல் பக்கம் உள்ள உலோகக் கட்டைகள்) ஏறினால்தான் கேட்கும். பாடகர் இயன் கர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போனது, அப்படியே வாசிக்கச் சொன்னார். அந்த இசைக்குழுவின் முகமே இப்படித்தான் அமைந்தது! அதனால் மெட்டை டி, ஜி என்ற மெல்லிய தந்திகளில் மேலே வாசிங்க. அதே நோட்டு தடித்த தந்தியிலும் கிடைக்கும், ஆனா இருட்டா ஒலிக்கும்.

ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 250 ஹெர்ட்ஸ் சுற்றி 3-4 டெசிபல் குறைத்து, 1 முதல் 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதே அளவு கூட்டிப் பாருங்க. கொழகொழப்பில் பாதி அங்கேயே போயிடும்.

எதிரொலி79:
கோரஸ் விஷயம். பெடல் உங்க ஒலியை 10-30 மில்லிசெகண்ட் தாமதித்து, அந்தத் தாமதத்தையே ஆட்டி, மூல ஒலியோடு கலக்குது. ஆட்டம் பெரிசானால் நகலின் சுருதியும் ஏறி இறங்கும். உங்களுக்கு விலகலாகக் கேட்பது அதுதான். வேகம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு செகண்ட். டெப்த் (ஆட்டத்தின் அளவு) கால்வாசியில் ஆரம்பிங்க. மிக்ஸ் நாப் (நகலின் அளவைக் கூட்டும் திருகு) இருந்தால் பாதியைத் தாண்ட வேண்டாம். மூல ஒலி எப்பவும் முன்னால் நிற்கணும். ஹுக் பயன்படுத்தியது எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் க்ளோன் தியரி, ஆனா எந்த அனலாக் கோரஸும் கிட்டத்தட்ட கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இன்டோனேஷனையும் (கழுத்து முழுக்க சுருதி சரியா நிற்பது) பார்த்துடுங்க. 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்க. அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் துண்டு) பின்னால் நகர்த்தணும், இறங்கியிருந்தால் முன்னால். புதுத் தந்தி போட்ட பிறகு செய்யுங்க. கீழே மட்டும் வாசிப்பவருக்கு இந்தக் குறை தெரியாது, மேலே ஏறினால் உடனே குத்தும்.

சாம்பல்வானம்:
பேஸ் காணாமல் போவதற்குக் காரணம் பேஸ் இல்லை நண்பரே, கிட்டார். பேஸின் ஜி தந்தியின் 12ஆம் ஃப்ரெட் 196 ஹெர்ட்ஸ். கிட்டாரின் மூன்றாவது தந்தியைச் சும்மா மீட்டினாலும் அதே 196தான்! கிட்டார்காரர் ஆறு தந்தியையும் சேர்த்து அடித்தால் பேஸுக்கு நிற்க இடமே இல்லை. சம்னர் எவ்வளவு விட்டுக்கொடுத்து வாசிக்கிறார் என்று கவனிங்க. 'நியூ டான் ஃபேட்ஸ்'இல் கிட்டார் மேலே ஏற ஏற பேஸ் கீழே இறங்கும். இரண்டும் மோதிக்கொள்ளாமல் அந்தக் கனம் வருதே, எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சமே அதுதான்.

ட்ரம்ஸும் முக்கியம். 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டுக்கு ஸ்டீஃபன் மோரிஸை ஒவ்வொரு ட்ரம்மாகத் தனித்தனியே வாசிக்கவைத்துப் பதிந்தார். ஒன்றின் ஒலி இன்னொன்றின் மைக்கில் கசியாததால், டிஜிட்டல் டிலேயை (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவி) வேண்டிய ட்ரம்மில் மட்டும் போட முடிந்தது. மிச்ச இடமெல்லாம் காலி. அந்தக் காலியில்தான் பேஸ் பாடுது. நீங்க பதிவு செய்யும்போது சிம்பலைக் குறைங்க, ரிவர்பை (அறை முழக்கம் போன்ற எதிரொலி) ஸ்நேர் ட்ரம்முக்கு மட்டும் கொடுங்க, பேஸில் துளியும் வேண்டாம்.

மழைக்கம்பி:
நன்றி. ஹுக்கும் சம்னரும் ஹானெட்டின் மிக்ஸை விரும்பவில்லை என்கிறார்களே, மேடையில் எப்படி இருந்தது?

கீழ்ஸ்தாயி:
முரடா இருக்கும். 1981இல் வந்த 'ஸ்டில்' தொகுப்பில் அவர்களின் கடைசி நிகழ்ச்சி இருக்கு, 1980 மே 2, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம். அதில் உள்ள 'ஷேடோப்ளே'வையும் ஆல்பத்தில் உள்ளதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க. உங்க 15 வாட் ஆம்புக்கு முதலில் ஸ்டூடியோ ஒலியைக் குறிவையுங்க. மேடை ஒலிக்கு அந்த ஸ்பீக்கர் தாங்காது, சத்தத்தைக் கூட்டினால் கரகரன்னு உடையும்.