பொருளாளர் நாற்காலியும் ஓர் அழுங்கும்

சென்ற வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார்: வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் செயற்குழுவில் சேரக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் கிடையாது, சேரலாமா வேண்டாமா என்று. இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. நீங்கள் எல்லோரும் நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்தது, இருவாச்சி சன்னலில் வந்து உட்கார்ந்தது என்று எழுதுகிறீர்கள். என் அனுபவத்தில் விலங்கு வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கப்பல் நிறுவனத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணக்குப் பார்ப்பவள். சனிக்கிழமை காலை மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டில் ஒரு நடை, காட்டோடு எனக்கிருந்த உறவு அவ்வளவுதான். 2019 ஏப்ரலில் அது மாறியது. அந்த மாதம் ஒரு வார இடைவெளியில் இரண்டு கொள்கலன்கள் இங்கே, சிங்கப்பூரில், பிடிபட்டன. இரண்டுமே நைஜீரியாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தவை. ஒன்றில் 12.9 டன், இன்னொன்றில் 12.7 டன், பாங்கோலின் என்கிற எறும்புத்தின்னியின் செதில். ஏறத்தாழ 38,000 விலங்குகளைக் கொன்று எடுத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். முதல் கொள்கலனுக்கான தாளில் ‘உறைந்த மாட்டிறைச்சி’ என்றும் இரண்டாவதற்கு ‘காசியா விதை’ என்றும் எழுதியிருந்ததாம்.

அந்தச் செய்தியை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். சரக்கின் பெயர், எடை, புறப்படும் துறைமுகம், சேரும் துறைமுகம் என்று அதே மாதிரித் தாள்கள்தான் அப்போது என் மேசை மேலும் கிடந்தன. இப்படிப்பட்ட தாளில் ஒரே ஒரு வரியைப் பொய்யாக எழுதிவிட்டால் இத்தனை உயிர்களின் செதில் கடல் தாண்டிப் போய்விடும் என்பது எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு தோழி ஏற்கெனவே வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் செயற்குழுவில் இருந்தார். அவரிடம் புலம்பியபோது, “எங்களிடம் விலங்குகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கணக்கைப் பார்க்கத்தான் ஆள் இல்லை, நீ வா” என்றார். போனேன். அடுத்த ஆண்டே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

கேட்டவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: செயற்குழுக் கூட்டத்தில் விலங்குகளைப் பற்றிப் பேசுவது கால்வாசி நேரம்கூட இருக்காது. பணம், ஊழியர் சம்பளம், காப்புறுதி, கூண்டு வாடகை, வாகனத்துக்கு டயர் மாற்றுவது, இவைதான் பேச்சு. சிங்கப்பூரில் அறநிறுவனங்களுக்கு விதிகள் உண்டு, அவை பல்லுள்ள விதிகள். நிதி திரட்ட ஆகும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஐபிசி, அதாவது நன்கொடைக்கு வரிச்சலுகை தரக்கூடிய பொதுநல அமைப்பு என்ற தகுதி இருந்தால், 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளியைக் கழிப்பார்கள். அந்தத் தகுதி போய்விட்டால் பாதி நன்கொடை போய்விடும் என்பதால் கணக்காய்வு நாள் நெருங்கும்போது எனக்குத் தூக்கம் வராது. பொருளாளராக ஒருவரே தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் நெறிமுறை இருக்கிறது. நல்ல விதி அது. ஒருவர் கையிலேயே சாவி இருந்தால் அவர் நல்லவராக இருந்தாலும் மற்றவர்கள் கேள்வி கேட்க மறந்துபோவார்கள்.

முதல் ஆண்டிலேயே ஒரு சண்டை. ஹோட்டலில் மேசைக்கு இவ்வளவு என்று விற்று விருந்து நடத்தலாம் என்றார்கள். மண்டப வாடகை, சாப்பாடு, அலங்காரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 40 விழுக்காட்டைத் தாண்டியது. “உங்களுக்கு நம் நோக்கம் புரியவில்லை” என்று ஒரு மூத்த உறுப்பினர் என்னைப் பார்த்துச் சொன்னார். வலித்தது. ஆனால் எண்களை மாற்ற என்னால் முடியாதே. கடைசியில் விருந்து இல்லாமல், இரவு நடை ஒன்றுக்கு ஆட்களைச் சேர்த்தோம். வந்த பணம் குறைவுதான், கிட்டத்தட்ட முழுவதும் மீட்புப் பணிக்கே போனது.

2020 பெருந்தொற்றில் அந்த நடையும் நின்றது. கையிருப்பு நிதி நான்கு மாதத்துக்கு மட்டுமே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கட்டுமான நிறுவனம் 40,000 வெள்ளி தருகிறோம் என்று வந்தது. தங்களுடைய புதிய வீடுகளின் விளம்பரக் கையேட்டில் எங்கள் சின்னத்தைப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வீடுகளோ ஒரு காட்டு ஓரத்தில். அதன் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைக்கு நாங்களே கருத்து எழுதிக்கொண்டிருந்தோம். இரண்டரை மணி நேரம் ஸூமில் பேசினோம். அந்த நிறுவனத்தில் உறவினர் வேலை செய்வதாகச் சொன்ன ஓர் உறுப்பினர் தாமாகவே வெளியேறி, வாக்கெடுப்பு முடிந்த பிறகு திரும்பி வந்தார். அவர் மேல் எனக்கிருக்கும் மரியாதை அன்றைக்கு வந்தது. ஐந்துக்கு மூன்று என்று மறுத்தோம். அதன் விலையாகப் பகுதிநேர ஊழியர் ஒருவரை நிறுத்த வேண்டிவந்தது. அவருக்கு அந்தக் கடிதத்தை எழுதியது நான். மறுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனாலும் அந்தக் கடிதம் மனத்தைவிட்டுப் போகவில்லை.

சரி, இனி விலங்குக்கு வருகிறேன்.

2022ல் ஒரு வியாழக்கிழமை, இரவு பத்தே முக்கால். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் அழைத்தார். அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அவர்களுடைய தங்கும் விடுதியில் பேசியிருந்தேன். பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள், கூப்பிடுங்கள் என்று என் எண்ணையும் கொடுத்திருந்தேன்.

“அக்கா, அழுங்கு ஒண்ணு வாய்க்கால்ல கெடக்குக்கா.”

எனக்குப் புரியவில்லை. என்ன தம்பி கெடக்கு என்று திரும்பக் கேட்டேன். “அழுங்குக்கா, அழுங்கு. உருண்டு பந்தாட்டம் கெடக்கு. ஒடம்பெல்லாம் செதிலு.” அப்போதுதான் விளங்கியது. எறும்புத்தின்னி! மூன்று ஆண்டுகளாக அந்த விலங்குக்காகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதன் தமிழ்ப் பெயரை அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார்.

மீட்புக் குழுவுக்குச் சொல்லிவிட்டு நானும் டாக்சி பிடித்துப் போனேன். டெய்ரி ஃபார்ம் என்கிற வட்டாரத்தில் ஒரு கட்டுமான இடம், பின்னால் காடு. புதிதாகப் போட்ட சிமென்ட் வடிகால், இடுப்பளவு ஆழம், சுவர் வழவழவென்று இருந்தது. இறங்கிய விலங்கு ஏற முடியாமல் மாட்டிக்கொண்டது. தம்பியும் இன்னும் மூன்று பேரும் வடிகாலுக்கு நாலடி தள்ளிப் பலகை மேல் உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து குளிக்கக்கூட இல்லை. கைப்பேசி விளக்கை எல்லாம் அணைத்து வைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டால் இன்னும் இறுக்கிக்கொள்கிறது என்று அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். யாரோ சாக்கில் போட்டுக் காட்டில் விட்டுவிடலாம் என்றபோது தம்பி தடுத்திருக்கிறார்.

குனிந்து பார்த்தேன். முற்றிய பலாப்பழத்தை விடச் சின்ன உருண்டை, சேறு அப்பிய செதில்கள். கொஞ்ச நேரம் யாரும் அசையாமல் இருந்தோம். அப்புறம் அது மெல்ல அவிழ்ந்தது. செதில்கள் ஒன்றோடொன்று உரசிய சத்தம் அரிசி களைவது போல இருந்தது. கூர்மையான மூக்கு மட்டும் வெளியே வந்து சுவரை முகர்ந்தது, முன்கால் நகத்தால் சிமென்டைச் சுரண்டிப் பார்த்தது. பல்லே கிடையாது அதற்கு. எறும்பும் கரையானும்தான் உணவு. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனதுதான் அந்தச் செதிலும். புலி வந்தால்கூட உருண்டுகொண்டு தப்பிக்கும் உயிர், மனிதன் வந்தால் உருண்டுகொள்வதாலேயே எளிதில் அகப்பட்டுவிடுகிறது. டன் கணக்கில் எடை போட்டுச் சொன்ன செய்தியை நான் படித்ததுதான். ஒரே ஒரு விலங்கின் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தது அன்றுதான்.

“எங்க தாத்தா கரட்டுல ஒரு தடவ காட்டுனாருக்கா” என்று தம்பி மெதுவாகச் சொன்னார். “நான் அடம் புடிச்சா எங்க ஆத்தா, அழுங்குப்பிடி புடிக்கிறான் பாருன்னு திட்டும்.” அவர் ஊரில் இருப்பது இந்திய வகை, இங்கே இருப்பது சுந்தா வகை, அழியும் ஆபத்தின் கடைசிப் படியில் இருப்பது. வகை வேறானாலும் பார்த்த கணத்தில் அடையாளம் கண்டுகொண்டார்.

மீட்புக் குழுவினர் தடித்த கையுறையோடு இறங்கி, பெட்டியில் எடுத்தார்கள். நாலரைக் கிலோ. நகத்தில் சிராய்ப்பு, வேறு காயமில்லை. இரண்டு இரவு கழித்துக் காட்டில் விட்டார்கள். புக்கிட் தீமா விரைவுச்சாலை 1986ல் அந்தக் காட்டை இரண்டாக வெட்டியது. 2013ல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு மரம் செடி வைத்த பாலம் கட்டிச் சேர்த்தார்கள், எறும்புத்தின்னிகள் அதில் நடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் காட்டு ஓரங்களில் வேலை நடக்கும் இடங்களுக்குப் பாலம் கிடையாது. அங்கே இரவில் இருப்பவர்கள் தமிழகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள்தான். எங்கள் துண்டுப் பிரசுரமோ ஆங்கிலத்தில், நடைபாதைக்கு வருகிறவர்களுக்காக அச்சடித்தது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். தமிழிலும் வங்காளத்திலும் அட்டை அச்சடித்துக் கட்டுமான இடங்களில் கொடுப்போம் என்றேன். ஒரே பேச்சில் முடியும் என்று நினைத்தது தவறு. மூன்று கூட்டம் ஆனது. ஊழியர் விலங்கைத் தொட்டுக் கடிபட்டால் யார் பொறுப்பு, நள்ளிரவில் தமிழில் பேசினால் யார் எடுப்பது, வேலை நேரத்தில் போன் பேசியதற்கு மேற்பார்வையாளர் அவரைத் திட்டினால் என்ன செய்வது? எல்லாமே நியாயமான கேள்விகள். தமிழ் பேசும் மூன்று தொண்டூழியர்கள் முறை வைத்து எடுப்பதாக ஏற்பாடு செய்தோம். 640 வெள்ளிக்கு 2,000 அட்டைகள். தொடாதே, தள்ளி நில், விளக்கை அணை, கூப்பிடு: இதுதான் செய்தி. தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணையும் போட்டோம், அது எந்நேரமும் இயங்குவது. பெயர் எறும்புத்தின்னியா அழுங்கா என்று எனக்கும் இன்னொரு தமிழ் உறுப்பினருக்கும் விவாதம். இரண்டையும் போட்டோம், அழுங்கை மேலே, பெரிய எழுத்தில்.

அதற்குப் பிறகு தமிழில் வந்த அழைப்புகள் பெரும்பாலும் மலைப்பாம்பும் உடும்பும்தான். ஒருமுறை கண்ணாடியில் மோதி விழுந்த நீலச்சிறகு பிட்டா, நம் ஆறுமணிக்குருவியின் நெருங்கிய சொந்தம். அட்டைப் பெட்டியில் காற்றோட்டமாக வைத்திருந்து விடியுமுன் கூப்பிட்டார் ஒரு துப்புரவு அம்மா. பிழைத்துப் பறந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓல்டு அப்பர் தாம்சன் சாலையில் ஒரு பெரியவர், நெற்றியில் சந்தனத்தோடு, குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். அனுமாருக்கு என்றார். 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தில் இதற்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அதை முதலில் சொல்ல வாய் வரவில்லை. “ஐயா, நீங்க போன பிறகும் இதுங்க அடுத்த காருக்காக ரோட்டு ஓரமே நிக்கும், அடிபடும்” என்றேன். கையிலிருந்த சீப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “யாரும் இதைச் சொல்லலையேம்மா” என்றார்.

நான்கு ஆண்டு முடிந்து பொருளாளர் பதவியை ஒப்படைத்துவிட்டேன், குழுவில் இன்னும் இருக்கிறேன். கேட்டவருக்கு: சேருங்கள். ஆனால் சேருமுன் கடைசி மூன்று ஆண்டு நிதியறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கையிருப்பு நிதி எத்தனை மாதத்துக்கு வரும் என்று பாருங்கள். கொடுக்கத் தயங்கினால் யோசியுங்கள். நீங்கள் தினமும் என்ன வேலை செய்கிறீர்களோ அதையே அங்கே கொண்டுபோங்கள், சட்டமோ மின்வேலையோ சமையலோ, அதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

அட்டை தீர்ந்துவிட்டது, மறுபடி அச்சடிக்கப் போகிறோம். இந்த முறை தெலுங்கும் சேர்க்க வேண்டும். தெலுங்கு எழுதத் தெரிந்தவர் யாராவது இங்கே இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நாலே வரிதான். அழுங்குக்கு அங்கே கிராமத்தில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.