கப்பலை விற்கும் நீதிமன்றம்: ஏலமா, விற்பனையா, பெருவிலையா?

சட்டவாசி எழுதியது:
அன்பர்களே, சட்ட மாணவர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் 2017ஆம் ஆண்டின் இந்திய அட்மிரால்டி சட்டம், அதாவது கப்பல் மீதான கடல்சார் வழக்குகளுக்கான சட்டம், பற்றிய பகுதி என் பொறுப்பு. பாக்கி வைத்த கப்பலை உயர் நீதிமன்றம் பிடித்து நிறுத்துகிறது. உரிமையாளர் பிணையம் கட்டாவிட்டால் அதை விற்றுப் பணத்தை உரியவர்களுக்குப் பங்கிடுகிறது. இந்த ‘ஜுடீஷியல் சேல்’ என்பதை ‘நீதிமன்றக் கப்பல் ஏலம்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் கேள்விக்குறி போட்டுத் திருப்பிவிட்டார். வேறு சொல் உண்டா?

வேர்காணி எழுதியது:
கேள்விக்குறி சரியே. ஏலம் தமிழன்று, போர்த்துக்கீசியரோடு கரையிறங்கிய சொல். மலையாளத்தார் ‘லேலம்’ என்று முழுதாக வைத்துக்கொண்டார்கள். இந்தியில் அது ‘நீலாம்’ ஆயிற்று. நாமோ மொழிமுதலில் லகரம் வராது என்று தலையைக் கொய்து உள்ளே விட்டோம். இலக்கணம் காத்தோம், சொல்லைக் காக்கவில்லை. அந்தப் போர்த்துக்கீசியச் சொல்லுக்கும் வேர் அரபியில் என்பார்கள். அது தனிக் கதை.

சோழர் கல்வெட்டுகளில் ‘பெருவிலை’ இருக்கிறது. பலரறியக் கூறி விற்பது என்பதே பொருள். ‘சண்டேசுவரப் பெருவிலை’ என்று கோயில் நிலம் விற்றார்கள். விற்பவர் பெயர் சிவனடியாரான சண்டேசுவரர், ஆனால் நிலம் அவருடையதன்று. நீதிமன்றமும் தனதல்லாத கப்பலைத்தானே தன் பெயரால் விற்கிறது? இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ‘கலப் பெருவிலை’ என்க.

துறைமுகத்தான் எழுதியது:
ஐயா, பொறுத்தருள வேண்டும். கலம் என்றால் எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும் கலம். கலப் பெருவிலை என்றால் நெல் விலை ஏறிவிட்டது என்று நினைப்பார்கள்.

அதோடு, கோர்ட்டு விற்கும் கப்பல் எப்போது பெரிய விலைக்குப் போயிருக்கிறது? மாதக்கணக்கில் நங்கூரத்தில் துருவேறி நிற்கும். வயதான கப்பலானால் குஜராத்தின் ஆலங் கடற்கரையில் உடைக்க இரும்பு விலைக்குத்தான் போகும். சம்பளம் வராமல் தளத்தில் காத்துக்கிடக்கும் மாலுமி ‘ஏலம் எப்போது?’ என்றுதான் கேட்கிறான். கடல்சார் பற்றுரிமைகளில், அதாவது கப்பலையே பற்றி நிற்கும் கோரிக்கைகளில், அவன் சம்பளத்துக்குச் சட்டம் முதலிடம் தந்திருக்கிறது. சொல்லிலும் அவனுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

கருப்பங்கி எழுதியது:
பிறப்பு ஆராய்ச்சி இருக்கட்டும், ஏலம் என்பது பொருளிலேயே குறைகிறது. 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை ஒன்று இதற்கென்றே இருக்கிறது. மறு ஆண்டு பெய்ஜிங்கில் கையெழுத்துக்கு வைத்தார்கள். பொது ஏலம் மட்டுமன்றி, நீதிமன்றத்தின் மேற்பார்வையிலும் ஒப்புதலோடும் நேரடியாகப் பேசி விற்பதும் அதில் ‘ஜுடீஷியல் சேல்’ ஆகும். ஏலம் ஒரு வழி, அவ்வளவுதான்.

உண்மையான உயிர் நம் 2017 சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருக்கிறது. உயர் நீதிமன்றம் விற்றால் பற்றுரிமை, அடமானம், ஜப்தி எதுவும் கப்பலோடு போகாது. கோரிக்கைகள் கப்பலை விட்டு இறங்கி விற்ற பணத்தின்மேல் ஏறிக்கொள்ளும். வீடு வாங்க வில்லங்கச் சான்று எடுத்த எவருக்கும் இது விளங்கும்: வில்லங்கம் அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. ‘நீதிமன்ற விற்பனை’ என்று வைத்து, இதை விளக்கத்தில் சொல்லுங்கள்.

வேர்காணி எழுதியது:
மாட்டு விற்பனை என்றால் மாட்டை விற்பது. நீதிமன்ற விற்பனை என்றால் நீதிமன்றத்தையா?

கருப்பங்கி எழுதியது:
நீதிமன்றத்தால் ஆணையிடப்பட்ட விற்பனை. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பள்ளியில் நீங்கள்தானே ஐயா நடத்தியிருப்பீர்கள்!

யாழ்வாசி எழுதியது:
இங்கே யாழ்ப்பாணத்தில் ஏலம் என்றால் வேறொரு காட்சி எழும். 2022 பெப்ரவரியில் காரைநகரில் ஏலம் போன இந்திய மீனவர் படகுகளை மறந்திருக்கமாட்டீர்கள். அது இலங்கை அரசு பறித்தெடுத்து விற்றது, தண்டனை. நீங்கள் பேசுவதோ கடன் தீர்க்கும் விற்பனை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இராமேசுவரத்து மாணவன் தன் அப்பாவின் படகைத்தான் நினைப்பான். எனக்கு ‘விற்பனை’ சம்மதம்.

துறைமுகத்தான் எழுதியது:
இதை நான் யோசிக்கவில்லை. சரி, தலைப்பில் விற்பனை இருக்கட்டும். ஆனால் ஏலம் கூறும் இடத்தில் ஏலம் என்றே எழுதுங்கள்.

சட்டவாசி எழுதியது:
மூவர் ஒரு பக்கம், நேரமும் இல்லை. ‘நீதிமன்றக் கப்பல் விற்பனை’ என்று அனுப்பிவிட்டேன். பொது ஏலம் வரும் இடங்களில் ஏலம் அப்படியே நிற்கிறது.

வேர்காணி எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடிக்குறிப்பிலாவது பெருவிலையைக் காட்டுங்கள்.

சட்டவாசி எழுதியது:
அடிக்குறிப்புக்கு இடமில்லை ஐயா. பின்னிணைப்புச் சொல்லடைவில் வேண்டுமானால் சேர்க்கிறேன்.

வேர்காணி எழுதியது:
மகிழ்ச்சி. ‘ஏலம்: பெருவிலை காண்க’ என்று போடுங்கள். ‘பெருவிலை: ஏலம் காண்க’ என்று போட்டுவிடாதீர்கள்.