பனிச்சறுக்குக்கு நாலு பேர்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

வெண்முகில்:
முதல் முறையாகக் குடும்பத்தோடு ஐந்து நாள் பனிச்சறுக்குக்குப் போகிறோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகளுக்கு வயது 6, 10. பகலிலேயே மைனஸ் 8 டிகிரி வரை இறங்குமாம். கைவசம் பருத்தி பனியன், ஜீன்ஸ், தடித்த கம்பளி ஸ்வெட்டர், சாதாரணக் குளிர்கால ஜாக்கெட் இருக்கின்றன. சாக்ஸை இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். இது போதுமா?

மலைச்சரிவு:
ஸ்வெட்டர் மட்டும் வரலாம். பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். சறுக்கும்போது உடம்பு நன்றாக வியர்க்கும், மலை மேலே கொண்டுபோகும் தொங்கு நாற்காலியில் (லிஃப்ட்) ஏறியதும் பத்து நிமிடம் அசையாமல் காற்றில் உட்கார வேண்டும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துவிட்டு உலராமல் தோலோடு ஒட்டிக் கிடக்கும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடுக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் (குளிர்கால உள்ளாடை) போடுங்கள், மேலும் கீழும். மெரினோ என்றால் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடை போதும். ஆளுக்கு இரண்டு செட் இருந்தால் ஒன்று காய்வதற்குள் மற்றொன்றைப் போடலாம். அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேலாடை) அல்லது உங்கள் ஸ்வெட்டர். வெளியே நீர்புகா ஜாக்கெட்டும் பேன்ட்டும். லேபிளில் 10,000 மி.மீ., 10,000 கிராம் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது நீரைத் தடுக்கும் திறன், இரண்டாவது வியர்வை ஆவியை வெளியே விடும் திறன். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. அது குறைவாக இருந்தால் மழைக்கோட்டுக்குள் இருப்பதுபோல உள்ளேயே நனைந்துபோவீர்கள்.

குதிகால்:
இரண்டு ஜோடி சாக்ஸ் என்பதை இப்போதே மறந்துவிடுங்கள். கால் சில்லிடுவதற்கு முக்கியமான காரணமே அதுதான். ஸ்கீ (சறுக்குப் பலகை) மாட்டும் பூட் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. உள்ளே இடம் குறைந்தால் ரத்த ஓட்டம் நெரிபடும், விரல் மரத்துப்போகும். முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதும். தெர்மல் பேன்ட்டின் முனையைப் பூட்டுக்குள் திணிக்காதீர்கள். ஒரு சின்ன மடிப்பு கூட மதியத்துக்குள் கணுக்காலுக்கு மேல் சிவந்த கோடாகப் பதிந்து எரியும். முக்கால் நீளத் தெர்மல் கிடைத்தால் அந்தத் தொல்லையே இல்லை.

பூட், ஸ்கீ, கையில் பிடிக்கும் ஊன்றுகோல், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு எடுங்கள். பூட் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். பக்கிள் மாட்டி நேராக நின்றால் விரல்நுனி லேசாக முன்னே தொட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும். பிள்ளைக்கு "அடுத்த வருஷமும் ஆகுமே" என்று பெரிய பூட் எடுத்தால் குதிகால் தூக்கிக்கொண்டு ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது. எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாவற்றையும் கடையில் உள்ளபடியே சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழன்றுகொள்ளும் அளவை அதை வைத்துத்தான் திருகி வைப்பார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் சும்மாவே கழன்றுவிடும்.

வெண்முகில்:
மிக்க நன்றி. சின்னவனுக்குக் கையுறை எப்படிப்பட்டது வேண்டும்? மஃப்ளர் போதுமா? காகில்ஸ் அவசியமா?

தூவானம்:
ஆறு வயதுக்கு விரல் பிரிந்த கையுறை வேண்டாம். நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு, மாட்டுவதும் சுலபம். நீர்புகாதது, மணிக்கட்டைத் தாண்டி நீண்டது, இரண்டு ஜோடி. பிள்ளைகள் பனியை அள்ளாமல் இருக்க மாட்டார்கள், மதியத்துக்குள் ஒன்று நனைந்துவிடும்.

மஃப்ளர் கூடவே கூடாது, லிஃப்டில் சிக்கும். தலைவழியே மாட்டும் கழுத்துக் குழாய் வாங்குங்கள். அதை மூக்குக்கு மேல் ஏற்றினால் மூச்சு மேலே போய்க் காகில்ஸில் ஆவி படியும். மூக்குக்குக் கீழேயே நிற்கட்டும்.

காகில்ஸ் நால்வருக்கும் அவசியம். பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். காகில்ஸ் கண்ணாடியின் கருமையை எஸ் எண்ணால் குறிப்பார்கள், எண் கூடினால் கருமை கூடும். வெயில் நாளுக்கு எஸ்3, மேகமூட்டத்துக்கு எஸ்1 கண்ணாடி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்2. ஹெல்மெட்டுக்கும் காகில்ஸுக்கும் நடுவே நெற்றி தெரியாமல் இருக்கிறதா என்று சேர்த்து மாட்டிப் பாருங்கள். உள்பக்கம் நனைந்தால் துணியால் தேய்க்காதீர்கள், ஆவி படியாமல் காக்கும் பூச்சு போய்விடும். ஒற்றி எடுத்தால் போதும். ஹெல்மெட்டுக்குள் குல்லாயும் வேண்டாம், பிடிப்பு தளர்ந்துவிடும்.

சின்னவனின் கன்னத்தையும் மூக்கையும் லிஃப்டில் ஏறும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். வெளிறிய திட்டு தெரிந்தால் தேய்க்காமல் உங்கள் உள்ளங்கையை வைத்து மூடி, உடனே உள்ளே அழைத்துப் போங்கள். வலிக்கவில்லை என்பான், மரத்துப்போன இடம் வலிக்காது.

குதிகால்:
விட்டுப்போன ஒன்று: இரவில் பூட்டை ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், ஓடு நெளியும். பக்கிளைத் தளர்த்தி, வெதுவெதுப்பான அறையில் வாய் திறந்தபடி வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும். ஈர பூட்டில் நாளைத் தொடங்கினால் எந்தச் சாக்ஸும் காப்பாற்றாது.